டேங்க் கிளீனர் மீன் நம் ஓடைகளில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைப் பக்கத்துக் கண்மாய்களிலும் அவற்றை இணைக்கும் ஓடைகளிலும் டேங்க் கிளீனர் மீன் எங்கெங்கே தலைகாட்டுகிறது என்று நாங்கள் சிலர் நோட்டுப் போட்டுக் குறித்து வருகிறோம். சம்பள வேலை இல்லை, ஞாயிற்றுக்கிழமை வேலை. கரையில் நிற்கும்போதும், டீக்கடையிலும், பள்ளிக்கூடங்களில் பேசப் போன இடத்திலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீளம், சிலவற்றுக்கு ஒரு வரி.

எந்த மீனைச் சொல்கிறீர்கள்?

வீட்டு மீன் தொட்டியில் கண்ணாடியோடு வாயை ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்குமே, கறுப்பாக, சொரசொரப்பாக, அதுதான். கடையில் "டேங்க் கிளீனர்" என்றோ "சக்கர்" என்றோ கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். கெளுத்திக் கூட்டத்தைச் சேர்ந்தது. டெரிகோப்ளிக்திஸ் என்பது அறிவியல் பெயர், அதற்குள் பல இனங்கள் உண்டு. அமேசான், ஒரினோகோ ஆறுகள் ஓடும் தென் அமெரிக்கா இதன் தாய்மண். உடம்பில் செதிலுக்குப் பதில் எலும்புத் தகடுகள் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கியிருக்கும். வாங்கும்போது விரல் நீளம் இருக்கும். வளர்ந்தால் அரை மீட்டர் வரை போகும்.

இதற்கு ஊருக்கு ஊர் வைத்திருக்கும் பெயர்களைப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். வியட்நாமில் கண்ணாடி துடைக்கும் மீன். இந்தோனேசியாவில் சாப்பு-சாப்பு, அதாவது துடைப்பம். மலேசியாவில் இக்கான் பண்டாராயா, மாநகராட்சி மீன். பிலிப்பைன்ஸில் ஜானிட்டர். ஆனால் மெக்சிகோ மீனவர்கள் இதைப் பிசாசு மீன் என்கிறார்கள், ஆந்திராவில் தெய்யம் சேப்ப, பேய் மீன். முதல் வரிசை தொட்டிக்காரர்கள் வைத்த பெயர். இரண்டாவது வரிசை வலைக்காரர்கள் வைத்தது.

பிடிபட்டது இதுதான் என்று எப்படி உறுதி செய்வது?

புரட்டிப் போடுங்கள். வாய் தலையின் அடிப்பக்கத்தில் வட்டமாக, உறிஞ்சு கிண்ணம் மாதிரி இருக்க வேண்டும். பிறகு முதுகுத் துடுப்பை விரித்துக் கதிர்களை எண்ணுங்கள். முன்னால் இருக்கும் தடித்த முள்ளை விட்டுவிட்டு எண்ணினால் பெரும்பாலும் பத்தோ அதற்கு மேலோ வரும். உறிஞ்சு வாய் உள்ள மற்ற தென் அமெரிக்கக் கெளுத்திகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏழெட்டுத்தான் இருக்கும்.

எந்த இனம் என்பதற்கு வயிற்றைப் பார்க்க வேண்டும். தனித்தனிப் புள்ளிகளாக இருந்தால் பர்டாலிஸ். புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து புழு நெளிந்ததுபோல் கோடு கோடாக இருந்தால் டிஸ்ஜங்டிவஸ். இப்படித்தான் புத்தகம் சொல்கிறது. கையில் வரும் மீன்களில் பல இரண்டுக்கும் நடுவில் நிற்கும், ஏனென்றால் இவை தங்களுக்குள் கலந்து இனப்பெருக்கம் செய்கின்றன. குழப்பமாக இருந்தால் "டெரிகோப்ளிக்திஸ், இனம் தெரியவில்லை" என்றே எழுதுங்கள். தவறாக இனம் போட்டு எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒரு எச்சரிக்கை. மலை ஓடைகளில் பாறையைப் பற்றிக்கொண்டு வாழும் நம் சொந்தச் சிறு மீன்கள் உண்டு. கர்ரா என்னும் அந்த வகை மீனின் கீழ்உதட்டருகே வட்டமான ஒட்டும் தட்டு இருக்கும். அதைப் பார்த்து "சக்கர் குஞ்சு" என்று கரையில் எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கர்ராவுக்குச் செதில் உண்டு, உடம்பு வழுவழுப்பாக இருக்கும். டேங்க் கிளீனரைத் தலையிலிருந்து வால் பக்கம் தடவினாலும் உப்புத்தாளைத் தடவினதுபோல் இருக்கும்.

அமேசானில் இருந்த மீன் எங்கள் ஊர் ஓடைக்கு எப்படி வந்தது?

வாளியில்.

நகைச்சுவைக்குச் சொல்லவில்லை. தொட்டிக்குப் பெரிதாகிவிட்ட மீனைக் கொல்ல மனம் வராது. விற்கவும் முடியாது. "ஏரியில் விட்டால் பிழைத்துப் போகட்டும்" என்று புண்ணியமாக நினைத்து விட்டுவிட்டு வருவார்கள். கோயில் தெப்பக்குளம், பூங்காக் குளம், வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் இவைதான் முதலில் மாட்டும் இடங்கள். வண்ண மீன் பண்ணைகளின் கழிவு நீர் ஓடுகிற வழியும் ஒன்று. வளர்ப்புக் குஞ்சு வாங்கும்போது கட்லாவோடும் ரோகுவோடும் ஒன்றிரண்டு கலந்து வருவதும் உண்டு.

அதற்குப் பிறகு நம் ஊர்த் தண்ணீர் ஏற்பாடே மிச்ச வேலையைச் செய்துவிடுகிறது. ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. நம் முன்னோர் சொட்டுத் தண்ணீர் வீணாகாமல் இருக்கச் சங்கிலியாகக் கட்டியது இது. அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியில் மீன் விழுந்தால் கீழே உள்ள கண்ணிகளுக்கெல்லாம் பாதை திறந்துதான் இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் கலிங்கு வழிகிறபோது கீழே இறங்கும். புதுவெள்ளத்தை எதிர்த்து மேலே ஏறுகிற மீன்களோடு இதுவும் கொஞ்ச தூரம் ஏறும்.

ஆகவே, மீன் கிடைத்த இடங்களுக்கு நாங்கள் புள்ளி வைக்கும் வரைபடத்தில் ஒரு புதுப்புள்ளி விழுந்தால் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இந்த இடம் பழைய புள்ளிகளோடு தண்ணீரால் இணைந்திருக்கிறதா? இணைந்திருந்தால் வெள்ளம். இல்லையென்றால் வாளி. எங்கள் நோட்டில் இரண்டாவது வகைதான் என்னை அதிகம் தூங்க விடாதது. வெள்ளம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லிவிடலாம். வாளி எங்கே போகும் என்று யார் சொல்வது?

முதலில் பார்த்த நாள்தான் அது வந்த நாளா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு கண்மாயை நாங்கள் ஒரு முறை போய்ப் பார்த்து, வீச்சு வலையில் ஒன்றும் சிக்காததால், நோட்டில் "இல்லை" என்று எழுதினோம். எழுதியது நான்தான். அடுத்த வருடம் அங்கே மூன்று மீன் கிடைத்தது. "இந்த வருடம் வந்துவிட்டது" என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன். சாயங்காலம் மீன்பாசி குத்தகை, அதாவது கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை, எடுத்திருந்த பெரியவரோடு டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "இதா தம்பி? இது நாலு வருசமா வலையில ஏறுது. முள்ளு வலையக் கிழிக்குதுன்னு கரையில எறிஞ்சிட்டுப் போயிருவோம். நீங்க கேக்கவே இல்லையே."

நான் கேட்கவே இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஒரு மீன் ஒரு ஓடைக்கு வருவது ஒரு நாள். அது பெருகுவதற்குச் சில வருடம். யாராவது ஒருவர் வலையில் பார்ப்பது அதற்குப் பிறகு. பார்த்தவர் யாரிடமாவது சொல்வது அதற்கும் பிறகு. நோட்டில் ஏறுவது கடைசி. செய்தித்தாளில் "புதிதாகப் படையெடுப்பு" என்று வருகிற அன்று மீன் அங்கே பேரப்பிள்ளை எடுத்திருக்கலாம். ஆகவே நாங்கள் இப்போது இரண்டு தேதி எழுதுகிறோம்: நாங்கள் பார்த்த நாள், ஊர்க்காரர் நினைவில் முதலில் பார்த்த காலம். இரண்டாவது துல்லியமாக இருக்காது. "பெரிய மழை வந்த வருசம்", "மகள் கல்யாணத்துக்கு முந்தி" என்றுதான் வரும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பெரிய மழை எந்த வருடம் என்று பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

ஒரு மீன் கிடைத்தால் "பரவிவிட்டது" என்று சொல்லலாமா?

கூடாது. ஒற்றைப் பெரிய மீன் என்றால் யாரோ நேற்று விட்டுவிட்டுப் போனதாக இருக்கலாம். பல அளவில் மீன்கள் சேர்ந்து கிடைத்தால், அதிலும் விரல் நீளக் குஞ்சுகள் இருந்தால், அங்கேயே முட்டையிட்டுப் பெருகுகிறது என்று அர்த்தம். அதனால்தான் நீளத்தை அளக்கச் சொல்கிறோம். அளவுகோல் இல்லையென்றால் பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தையோ செருப்பையோ வைத்துப் படம் எடுங்கள்.

கேரளத்தில் திருவனந்தபுரம் சாக்கை கால்வாயில் இது நிலைபெற்றுவிட்டதை ஆய்வாளர்கள் 2009லேயே எழுதினார்கள். அங்கும் தொட்டியிலிருந்து வந்ததுதான்.

வலை போட்டும் கிடைக்கவில்லை. அதை எழுத வேண்டுமா?

கட்டாயம். கிடைத்ததை எல்லோரும் எழுதுவார்கள். கிடைக்காததை எழுத ஆள் இல்லை. ஆனால் "இல்லை" என்று எழுதாதீர்கள். "பார்க்கவில்லை" என்று எழுதி, என்ன வலை, எத்தனை வீச்சு, எவ்வளவு நேரம், தண்ணீர் எவ்வளவு என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மீன் உள்ள ஓடையில் ஒரு தடவை தேடினால் சிக்கும் வாய்ப்பு பத்துக்கு மூன்று என்று வைத்துக்கொள்வோம். மூன்று தடவை போயும் சிக்காமல் போவதற்கு 34 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பத்துத் தடவை போயும் சிக்கவில்லையென்றால்தான் அது 3 சதவீதத்துக்குக் கீழே வரும். நான் ஒரே ஒரு தடவை போய்விட்டு "இல்லை" என்று எழுதினேனே, அது எவ்வளவு பெரிய அசட்டுத் துணிச்சல் என்று இப்போது தெரிகிறதா?

எங்கே, எப்போது தேட வேண்டும்?

பகலில் நடுத் தண்ணீரில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பகலில் பொந்துக்குள்ளும் கல்லிடுக்கிலும் ஒளிந்திருந்து இரவில் மேயும் மீன் இது. இருட்டிய பின் டார்ச் அடித்து ஓரத்து ஆழமில்லாத தண்ணீரைப் பாருங்கள். மறுகால் விழுந்து குடைந்த பள்ளம், பாலத்தடி, தடுப்பணைக்குக் கீழே, மடைக்குப் பக்கம், ஊர்ச் சாக்கடை ஓடையில் கலக்கும் இடம் ஆகியவை நல்ல இடங்கள். சாக்கடையா என்று முகம் சுளிக்காதீர்கள். தண்ணீரில் உயிர்வளி குறைந்தால் மேலே வந்து காற்றைக் குடித்து, இரைப்பையின் வழியாகவே சுவாசிக்கும். விராலும் கெளுத்தியும் தாக்குப்பிடிக்கும் இடத்தில் இதுவும் தாக்குப்பிடிக்கும்.

படித்துறையில் பாசி படிந்த கல்லில் யாரோ கரண்டியால் வழித்ததுபோல் பட்டை பட்டையாகத் தெரிந்தால் நின்று பாருங்கள். தண்ணீர் வற்றிய கோடையில் கரைச் சரிவில் ஒரு ஆள் கை நுழையும் அளவுக்குப் பொந்துகள் வரிசையாகத் தெரிந்தாலும் அப்படியே. நண்டு வளையைவிடப் பெரிதாக, உள்ளே சரிந்து இறங்கும். கையை விட்டுப் பார்க்க வேண்டாம், பாம்பு இருக்கலாம். ஒரு குச்சியை விட்டு ஆழத்தை அளந்துகொள்ளுங்கள்.

மீன்பிடித் திருவிழாவுக்கு ஏன் நோட்டோடு போகிறீர்கள்?

எந்த ஆய்வுத் திட்டத்தாலும் ஏற்பாடு செய்ய முடியாத கணக்கெடுப்பு அது. கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும், விவசாயம் முடிந்ததும், ஊர் கூடி ஒரு நாள் குறிக்கிறது. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் இது பழைய வழக்கம். வெள்ளைத் துண்டை வீசிக் காட்டியதும் சுற்று வட்டாரத்து சனம் மொத்தமும் இறங்கும். ஊத்தா, கச்சா, தூரி, கொசுவலை, சேலை, கையில் எது இருக்கிறதோ அது. இரண்டு மணி நேரத்தில் கண்மாயில் உள்ள மீன் பெரும்பாலும் கரைக்கு வந்துவிடும். ஆயிரம் பேர், ஆயிரம் வலை.

ஒரு திருவிழாவில் நான் பார்த்தது. ஊத்தா என்னும் மீன்பிடி கூடையைச் சேற்றில் குத்திவிட்டு மேல் வாய் வழியாகக் கையை விட்ட ஒரு அக்கா, "அய்யய்யோ" என்று கையை உதறினார். புறங்கையில் ரத்தம். விரால் என்று நினைத்துப் பிடித்தது டேங்க் கிளீனரின் பக்கத் துடுப்பு முள். தூக்கிக் கரையில் எறிந்துவிட்டு, "இது கெடக்கு கருமம்" என்று அடுத்த குத்துக்குப் போய்விட்டார். காலை எட்டு மணி இருக்கும். நாங்கள் அதை அளந்தோம், 38 சென்டிமீட்டர். வேலி மர நிழலில், ஈரச் சேற்றில் அப்படியே விட்டுவிட்டு மற்ற மீன்களைக் கணக்கெடுக்கப் போனோம். பிற்பகல் மூன்று மணிக்கு வந்து பார்த்தால் உயிர் இருக்கிறது. கிடந்த இடத்திலிருந்து தண்ணீர்ப் பக்கமாக நாலடி நகர்ந்திருந்தது. ஈரம் இருந்தால் 20 மணி நேரத்துக்கு மேலும் வெளியே தாங்கும் என்று படித்திருந்தேன். படிப்பது வேறு, அந்தக் கண் நம்மைப் பார்க்கும்போது தெரிவது வேறு.

அன்றைக்கு எண்ணியதில் விரால், ஜிலேபி, கெளுத்தி, அயிரை எல்லாம் இருந்தன. டேங்க் கிளீனர் பதினேழு. அதில் குஞ்சுகள் ஐந்து. "பெருகுகிறது" என்று எழுத அந்த ஐந்துதான் சாட்சி.

தண்ணீரை மட்டும் எடுத்துச் சோதித்தே மீன் இருப்பதைச் சொல்கிறார்களாமே?

ஆமாம். மீனின் உடம்பிலிருந்து கோழை, தோல் துணுக்கு, கழிவு எல்லாம் தண்ணீரில் உதிர்ந்துகொண்டே இருக்கும். அதில் அதன் டி.என்.ஏ. இருக்கும். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீரை மெல்லிய வடிதாளில் வடித்து, வடிதாளில் தங்கியதைச் சோதனைக் கூடத்தில் தேடுகிறார்கள். அமெரிக்காவில் சிகாகோ கால்வாய்களில் ஆசியக் கெண்டைகள் எவ்வளவு தூரம் ஏறியிருக்கின்றன என்று 2009 முதல் இப்படித்தான் தேடினார்கள். வலையில் சிக்காத இடத்திலும் தடயம் கிடைத்தது.

நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையமான சி.சி.எம்.பி.யின் அறிவியலாளர்கள் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதி நீர்நிலைகளில் இந்த முறையில் டேங்க் கிளீனரைத் தேடினார்கள். ஏறக்குறைய 60 சதவீத நீர்நிலைகளில் தடயம் இருந்தது.

ஆனால் இதை மந்திரம் என்று நினைக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் டி.என்.ஏ. மிதந்து கீழே வரும். ஓடையின் இந்த இடத்தில் தடயம் கிடைத்தால் மீன் இங்கேதான் இருக்கிறது என்று அர்த்தமில்லை, மேலே எங்கோ இருக்கலாம். வீட்டுத் தொட்டித் தண்ணீரை யாராவது சாக்கடையில் கொட்டினாலும் தடயம் வரும். எத்தனை மீன், என்ன அளவு, குஞ்சு உண்டா என்று சொல்லாது. வெயிலிலும் சூட்டிலும் சில நாளிலோ வாரத்திலோ சிதைந்துவிடும். எங்கே வலை போடலாம் என்று காட்டுகிற விரல் அது. மீனைக் கையில் எடுத்துக்கொண்டு வரும் வேலை இன்னும் வலைக்குத்தான்.

இந்த மீனால் அப்படி என்ன கெடுதி? பாசிதானே தின்கிறது?

வலைக்காரரிடம் கேளுங்கள். முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்பிலும் உள்ள முள் செவுள் வலையில் மாட்டினால் கழற்ற முடியாது, கண்ணியை அறுக்க வேண்டும். விற்க முடியாத மீனுக்காக வலையை அறுப்பது யாருக்கு வலிக்காது? மெக்சிகோவின் இன்ஃபியர்னீயோ நீர்த்தேக்கம் ஒரு காலத்தில் திலாப்பியா, அதாவது நம் ஜிலேபி, மீன்பிடிப்புக்குப் பெயர் போனது. இந்த மீன் புகுந்த பிறகு வலைகளில் பெரும்பங்கு இதுவே ஏறத் தொடங்கியது.

இரண்டாவது, பொந்து. ஆண் மீன் கரையில் ஒரு மீட்டர் வரை குடைந்து, உள்ளே முட்டைகளைக் காக்கிறது. பல மீன்களின் முட்டை வெளியே பாசியிலும் மணலிலும் கிடக்க, இதன் முட்டைக்குக் காவல்காரன் உண்டு. ஃபுளோரிடாவிலும் மெக்சிகோவிலும் கரைகள் இப்படிக் குடையப்பட்டு இடிந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். நம் கண்மாய்க் கரைகள் மண்ணால் ஆனவை. கரையில் எலி வளையையே விட்டுவைக்காமல் அடைத்த ஊர்கள் நம்முடையவை. இதையும் அந்தக் கணக்கில் வைத்துக் கோடையில் கரையைச் சுற்றி வருவது நல்லது.

பாசியை வழிக்கும்போது மற்ற மீன்களின் முட்டையும் சேர்ந்து போகும். தின்ன வருகிற பறவைக்கும் ஆபத்து: போர்ட்டோ ரிக்கோவில் இதை விழுங்கப் பார்த்த கூழைக்கடாக்கள் தொண்டையில் முள் சிக்கிச் செத்துக் கிடந்திருக்கின்றன. வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் உள்ள மாநிலத்தில் இதை யோசிக்கத்தானே வேண்டும்.

ஜிலேபியும் வெளிநாட்டு மீன்தானே? அதை மட்டும் தின்கிறோமே?

நல்ல கேள்வி, எனக்கும் சங்கடமான கேள்வி. ஜிலேபி ஆப்பிரிக்க மீன், 1952ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். கொசுவை ஒழிக்க விட்ட கம்பூசியா மீன் அதற்கும் முன்னே, 1928ல். ஊட்டிக்கு 1939ல் சாதாக் கெண்டை வந்தது. நீலகிரி ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் தூண்டில் விளையாட்டுக்காக வளர்த்த ட்ரவுட்டுக்கு அவலாஞ்சியில் 1907லேயே குஞ்சு பொரிப்பகம் இருந்தது. நாட்டு எல்லை மட்டும் கணக்கில்லை. சந்தையில் "நம்ம மீன்" என்று வாங்கும் கட்லாவும் ரோகுவும் கங்கை முதலிய வடபுலத்து ஆறுகளின் மீன்கள். காவிரிக்கு ஆட்கள் கொண்டுவந்து விட்டவை.

ஆக "வெளியூர் மீன்" என்பது குற்றச்சாட்டு இல்லை, ஒரு தகவல். ஜிலேபி விலை போகிறது, குத்தகைக்காரருக்கு அதில் வருமானம் இருக்கிறது, அதனால் யாரும் புகார் சொல்வதில்லை. அதனால் அது கெடுதி செய்யவில்லை என்று ஆகிவிடாது. நாட்டு மீன்கள் ஒதுங்கிப்போனதைப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் 1952ல் எந்தக் குளத்தில் என்ன இருந்தது என்று யாரும் நோட்டுப் போடவில்லை. டேங்க் கிளீனர் விஷயத்திலாவது நோட்டு இருக்கட்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

மலை ஓடைகளுக்கும் ஏறிவிடுமா?

குளிர் இதற்கு ஆகாது. தண்ணீர் 10 டிகிரி செல்சியஸ் பக்கம் இறங்கினால் தாங்காது. அதனால் ஊட்டியின் உச்சி ஓடைகளுக்குப் பெரிய பயம் இல்லை. அடிவாரத்து ஓடைகள் அப்படியில்லை. செங்குத்தான அருவியை ஏறித் தாண்டாது, ஆனால் அருவிக்கு மேலே சுற்றுலாக்காரர் ஒருவர் வாளியோடு வந்தால் அருவி என்ன செய்யும்?

2018 வெள்ளத்தில் கேரளத்தில் ராட்சத மீன்கள் தப்பியதாகச் சொன்னார்களே, அது வேறா?

மீன் வேறு, கதை ஒன்றுதான். அந்த ஆகஸ்ட் வெள்ளத்தில் வளர்ப்புக் குளங்கள் மூழ்கி, அமேசானின் அராபைமா சாலக்குடி ஆற்றில் பிடிபட்டது. வெள்ளத்துக்குப் பிந்தைய மூன்று மாதம் கட்டாயம் வலை போட்டுப் பார்க்க வேண்டிய காலம்.

பிடித்ததை என்ன செய்வது?

திரும்ப விடாதீர்கள். அவ்வளவுதான் முக்கியம். கரையில் எறிந்துவிட்டும் போகாதீர்கள், மேலே சொன்ன நாலடிக் கதை நினைவிருக்கட்டும். தலையில் பலமாக ஒரே அடி அடித்துக் கொன்று, தண்ணீருக்குத் தள்ளிக் குழியில் புதைத்துவிடுங்கள். உயிரோடு வேறு ஊருக்கு எடுத்துப் போகாதீர்கள். "பையனுக்குக் காட்ட" என்று எடுத்துப் போனதில்தான் பாதிப் புதுப்புள்ளிகள் முளைக்கின்றன என்பது என் சந்தேகம்.

தின்னலாமா?

அமேசானில் தின்கிறார்கள். பிரேசிலில் இந்தக் குடும்பத்து மீனைக் குழம்பு வைப்பார்கள், உலர்த்தி மாவாக்கியும் வைத்துக்கொள்வார்கள். விஷ மீன் இல்லை. ஆனால் நம் ஊரில் இது அதிகம் கிடைப்பது சாக்கடை கலக்கும் தண்ணீரில். அடிச்சேற்றை மேய்கிற மீனில் அந்தச் சேற்றில் உள்ள கன உலோகமும் சேரும். நான் தின்னமாட்டேன். தகட்டை உரிக்க அரிவாள் வேண்டும் என்பது தனிக் கதை.

வீட்டுத் தொட்டியில் ஒன்று பெரிதாகிவிட்டது. இப்போது என்ன செய்ய?

வாங்கிய கடையிலேயே திரும்பக் கொடுத்துப் பாருங்கள், பல கடைகளில் எடுத்துக்கொள்வார்கள். பெரிய தொட்டி வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கலாம். குளத்தில் விடுவது புண்ணியம் இல்லை. இன்னும் வாங்கவில்லையென்றால் வாங்காதீர்கள். தொட்டியைத் துடைக்க ஒரு ஸ்பாஞ்சு போதும், அது அரை மீட்டருக்கு வளராது.

சட்டம் ஏதாவது உண்டா?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022ல் செய்த திருத்தம், ஆக்கிரமிக்கும் அந்நிய இனங்களின் இறக்குமதி, விற்பனை, வளர்ப்பைக் கட்டுப்படுத்தவும் தடை செய்யவும் மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கவே தடை உண்டு. அப்படியிருந்தும் அது கள்ளத்தனமாகக் குளங்களில் வளர்வதையும் அதிகாரிகள் அழிப்பதையும் செய்தியில் பார்க்கிறோம்.

உங்களுக்கு நேரடியாகப் படக்கூடிய சட்டம் வேறு. கண்மாயில் மீன்பாசி குத்தகை யாருக்கு இருக்கிறதோ அவரைக் கேட்காமல் வலை போடக் கூடாது. காப்புக்காட்டு ஓடை என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். குத்தகைக்காரரைப் பகைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது, அவரிடம்தான் நாலு வருடத் தகவல் இருக்கிறது.

பார்த்தால் யாரிடம் சொல்வது?

மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் சொல்லுங்கள். உயிரினப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளங்களான ஐநேச்சுரலிஸ்டிலோ இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலிலோ படத்தோடு ஏற்றுங்கள். அங்கே ஏற்றினால் இனம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துவார்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பிய படம் மூன்று நாளில் காணாமல் போகும். தேதியும் இடமும் கழன்று, "ஒரிசாவில் பிடிபட்ட பேய் மீன்" என்று உங்களுக்கே திரும்பி வரும். எனக்கு ஒரு முறை வந்தது.

ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும்? மாதிரி காட்ட முடியுமா?

எங்கள் நோட்டிலிருந்து ஒரு பக்கம், ஊர்ப் பெயரை மட்டும் விட்டுவிட்டு:

"ஞாயிறு, காலை 6.40. பெரிய கண்மாய் மறுகால் ஓடை, பாலத்துக்குக் கீழே 30 அடி. ஜிபிஎஸ் போனில் எடுத்தது. தண்ணீர் முழங்கால், கலங்கல், மெல்ல ஓடுகிறது. வீச்சு வலை, 12 வீச்சு, ஒரு மணி நேரம், ஆள் 2. டேங்க் கிளீனர் 1, நீளம் 21 செ.மீ. முதுகுக் கதிர் 12. வயிறு: புள்ளியும் கோடும் கலந்து, இனம் போடவில்லை. படம் 4: பக்கவாட்டு, வயிறு, முதுகுத் துடுப்பு விரித்து, இடம் தெரிய ஒன்று. மற்றவை: ஜிலேபி 9, அயிரை 3, கெளுத்தி 1. ஆடு மேய்ப்பவர்: போன மழைக்கு முந்தி பார்த்ததில்லை என்கிறார், அவர் மனைவி பார்த்ததாகச் சொல்கிறார். கொன்று புதைத்தோம். அடுத்து: மேலே உள்ள சின்னக் கண்மாய், இருட்டிய பின், டார்ச்சோடு. அந்த அம்மாவிடம் தனியாகக் கேட்க வேண்டும்."